கடற்கரை எத்தனை மணிக்கு வரும்?

"கடற்கரை எங்கே இருக்கிறது?"

தீவின் படகுத்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் டிக்கெட் கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பகல் பதினொரு மணிப் படகில் குடை, பாய், பந்து, ரப்பர் வளையம் என்று மூட்டை முடிச்சுகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கும். கரைச்சுவரின் மேலேறி எட்டிப் பார்க்கும். சுவரின் அடியில் தண்ணீர் தட்டிக்கொண்டிருக்கும். ஒரு பிடி மணல்கூடத் தெரியாது. "படத்தில் அவ்வளவு பெரிய மணல்வெளி இருந்ததே!" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள், மணலை நான்தான் எடுத்து ஒளித்துவைத்ததைப் போல. "நாலரை மணிக்கு வரும்" என்பேன். பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு வரிசையில் போய் நின்றவர்களும் உண்டு.

ஓய்வுபெற்ற பிறகும் கேள்வி விடவில்லை. குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் மாடிப்படியில் மடக்கிக் கேட்கிறார்கள்: பிள்ளைகளை எந்தப் பக்கம் அழைத்துப் போவது, எப்போது போவது, காலில் என்ன போடுவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். தீவிலேயே குடியிருப்பவர்களுக்கும் வார இறுதியில் வந்துபோகிறவர்களுக்கும் இது பொருந்தும். எந்தத் தீவு என்பது முக்கியமில்லை. கடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பிடிவாதம் பிடிக்கிறது.

முதலில் தண்ணீரின் நேரம்

தீவைச் சுற்றிக் கடல் எப்போதும் இருக்கும். கடற்கரை எப்போதும் இருக்காது. ஏற்றத்தின்போது தண்ணீருக்கு அடியில் போய்விடும், வற்றத்தின்போது மேலே வரும். பாடநூல்கள் இதை ஓதம் என்கின்றன. நிலவும் சூரியனும் கடல்நீரை இழுப்பதால் வருவது இது என்று நியூட்டன் 1687லேயே விளக்கிவிட்டார். மாலையில் வெளியே கிளம்ப நினைப்பவருக்குக் காரணத்தைவிட நேரம்தான் தேவை.

பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். நிலவு நாளுக்கு நாள் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக எழுவதால் வற்றமும் அதே அளவு தள்ளிப்போகும். இன்று மாலை நாலரைக்கு என்றால் நாளை ஐந்து இருபதுக்கு. மெக்சிகோ வளைகுடாவின் சில கரைகளிலும் டோங்கின் வளைகுடாவிலும் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்கே தெரியாத அளவு குறைவு. அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

இந்த ஐம்பது நிமிடத்தை ஏழால் பெருக்கிப் பாருங்கள். ஐந்து மணி ஐம்பது நிமிடம் வருகிறது. அதாவது இந்த ஞாயிறு மாலை நாலரைக்கு மணல்வெளி விரிந்து கிடந்தால், அடுத்த ஞாயிறு அதே நாலரைக்குச் சுவர்வரை தண்ணீர் நிற்கும். "போன வாரம் பார்த்தோம், அற்புதமாக இருந்தது" என்று உறவினர்களைத் திரட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அதற்கு அடுத்த ஞாயிறு மீண்டும் சரியாகிவிடும். முக்கால் மணி நேரம் முன்னதாக வந்தால் போதும். விருந்தினரை அழைப்பதென்றால் ஒரு வாரம் விட்டு மறுவாரம் அழையுங்கள்.

நேரத்தோடு அளவும் மாறும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். உச்சம் பெரும்பாலும் அந்த நாளில் இல்லாமல், ஓரிரு நாள் கழித்து வரும். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏறுவதும் அரைகுறை, வற்றுவதும் அரைகுறை. சிப்பிப் பாறைகளையும் கடற்புல் வெளியையும் பார்க்க ஆசைப்படுகிறவர் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மறுநாளைக் குறித்துவைக்க வேண்டும். தோணியோ மிதவையோ துடுப்புப் போட்டுப் போகிறவருக்கு அட்டமி நாட்கள்தான் சுகம், நீரோட்டம் சோம்பலாக இருக்கும்.

இன்னொன்று, படகுக்காரர்களுக்குத் தெரிந்தது, பயணிகள் கேட்க மறப்பது. ஓர் இடத்தில் அமாவாசை, பௌர்ணமியின் வற்றம் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும், ஆண்டு முழுவதும். உங்கள் கரையில் அது காலை ஆறு, மாலை ஆறு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி; பெரிய வற்றமெல்லாம் குளிர்ந்த நேரத்தில் வரும். நடுப்பகல், நள்ளிரவு என்றால் தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவந்தவர் துறையில் யாரிடமாவது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "பௌர்ணமி அன்று இங்கே எத்தனை மணிக்கு வற்றும்?" அங்கே வசிக்கும் காலம் முழுவதற்கும் அந்தப் பதில் உதவும்.

அட்டவணையைப் படிப்பது

ஓத அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் ஓர் எண் இருக்கும். பலர் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு எண்ணை விட்டுவிடுகிறார்கள். பூச்சியம் என்பது வழக்கமாகத் தண்ணீர் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தை ஒட்டி வைக்கப்படுகிறது. எனவே 0.2 என்றால் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே வந்துவிடும், 1.1 என்றால் அதுவும் வற்றம்தான், ஆனால் பாய் விரிக்க ஒரு கீற்று மணல் கிடைத்தால் பெரிது.

எந்த எண்ணுக்கு எது வெளியே வரும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. நாமே எழுதிக்கொள்ள வேண்டும். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது: 0.9க்கு மேல், வீட்டிலேயே இருக்கவும். 0.6, நடுத்திட்டு தலைகாட்டும். 0.3, கடற்புல் வெளி. 0.1, உடைந்த பழைய படகின் விலா எலும்புகள். இவை என் கரைக்கான எண்கள். உங்கள் கரையின் எண்கள் நான்கைந்து மாலைகளில் கிடைத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில், சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைச் சேர்க்காமல் அச்சிடப்படும். அடிக்குறிப்பைப் படியுங்கள். அடுத்தது, அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. காற்று அதைப் படிப்பதில்லை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி நாள் முழுவதும் பலமாகக் காற்றடித்தால் இன்னும் கூடும். வானம் கறுத்துக் கிடக்கும் நாளில் அட்டவணை சொல்லும் அளவுக்கு வற்றும் என்று நம்பிப் போகாதீர்கள்.

குச்சி நடுங்கள்

என் பேத்திக்கு ஆறு வயதில் நான் கற்றுக்கொடுத்த விளையாட்டு இது. பெரியவர்களும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். வற்றம் முடிந்து தண்ணீர் திரும்பத் தொடங்கும்போது, விளிம்பில் ஒரு குச்சியை நடுங்கள். அரை மணி கழித்துத் தண்ணீர் எங்கே வந்திருக்கிறதோ அங்கே இன்னொன்று. அடுத்த அரை மணிக்கு இன்னொன்று. முதல் இரண்டுக்கும் நடுவே நான்கு காலடி இருக்கும். அடுத்ததற்கு ஒன்பது, அதற்கடுத்ததற்குப் பதினைந்து. "தாத்தா, தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது" என்றாள். அதுதான் பாடம்.

மாலுமிகள் இதைப் பன்னிரண்டின் கணக்கு என்பார்கள். ஏறும் ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, ஐந்தாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்தம் 2.4 மீட்டர் ஏறும் கரையில் ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். முதல் மணி நேரத்தில் அந்த ஒரு பங்குதான் ஏறும்; மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் 60 சென்டிமீட்டர். தட்டையான கரையில் இதை நீளமாகப் பார்க்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் மணலில் 60 சென்டிமீட்டர் ஏற்றம் என்றால் நீர் விளிம்பு 60 மீட்டர் முன்னேறும். ஐந்நூறுக்கு ஒன்று சரியும் சேற்றுவெளியில் 300 மீட்டர்.

அதைவிட முக்கியமானது: தண்ணீர் நம் முன்னாலிருந்து வருவதில்லை. மணல்வெளி சப்பாத்திக்கல் போலத் தட்டையானது என்று நினைக்கிறோம். அதில் ஓடைகளும் பள்ளங்களும் இருக்கின்றன. ஏற்றம் முதலில் அந்தப் பள்ளங்களை நிரப்பும், அவை பெரும்பாலும் நமக்குப் பின்னால், கரைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. துறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு, ஒன்பது வயது மகனோடு நடுத்திட்டுக்குப் போனேன். அட்டவணையை நானே பலகையில் எழுதி மாட்டுகிறவன். எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். அலை எங்களிடமிருந்து வெகு தூரத்தில் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நண்டுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது, வரும்போது செருப்பு நனையாமல் தாண்டிய ஓடையின் அகலம் இருபது மீட்டர். மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். இடுப்புவரை வந்தது, ஓட்டம் பக்கவாட்டில் தள்ளியது. ஒரு செருப்பு போனது. கரையில் நின்ற என் மனைவி திட்டவே இல்லை. "போக வர டிக்கெட் எடுக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் அதற்கு மேல் பேச்சில்லை.

எங்களுக்குச் செருப்போடு போயிற்று. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்காம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் இருட்டில் ஏற்றத்தில் சிக்கி, குறைந்தது 21 பேர் இறந்தார்கள். அதே நாட்டின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை ஒவ்வோர் ஏற்றத்திலும் மூழ்கும். எந்த நேரத்தில் கடக்கலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி நிற்பதற்குத் தூண்களின் மேல் ஒரு சிறு அறையும் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் கார்கள் மூழ்குவது நிற்கவில்லை.

ஆகவே என் ஏற்பாடு இது. வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் கிளம்புவேன், இறங்கும் தண்ணீரோடு நானும் இறங்குவேன். அட்டவணை சொல்லும் வற்ற நிமிடத்தில் நான் எங்கே நின்றாலும் கால் கரையை நோக்கித் திரும்பிவிடும். "இன்னும் பத்து நிமிடம்" என்ற பேச்சே கிடையாது. போகும் வழியில் தாண்டிய ஓடைகளை எண்ணிக்கொள்வேன். மூன்று தாண்டிப் போனால் மூன்று தாண்டித்தான் வரவேண்டும்.

காற்று எந்தப் பக்கம்

தீவில் வசிப்பதில் ஒரு வசதி, எந்தக் காற்றடித்தாலும் அதற்கு எதிர்ப்புறம் ஒரு மறைவான கரை இருக்கும். வாடை அடித்தால் தெற்குக் கரை அமைதி, கொண்டல் என்றால் மேற்குக் கரை. கிளம்பும் முன் மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள், எந்தக் கரைக்குப் போவது என்பது முடிவாகிவிடும்.

ஆனால் அந்த மறைவான கரைதான் ரப்பர் வளையங்களுக்கு எமன். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்றடிப்பதால் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். பிள்ளை வளையத்தில் உட்கார்ந்ததும் காற்று அதைப் பாய் போலப் பிடித்து வெளியே தள்ளும். அலை இல்லாததால் யாருக்கும் பதற்றமும் வராது. வெறும் வளையம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அதைப் பிடிக்க நீந்திப் போகாதீர்கள். துறையிலிருந்து நான் பார்த்த மீட்புகளில் பாதிக்கு மேல், பந்தையோ வளையத்தையோ துரத்திப் போனவர்களுக்காக நடந்தவை.

சைக்கிளுக்கு ஈர மணல் நல்ல பாதை. காய்ந்த மணலில் சக்கரம் புதையும், ஈர மணலில் ஓடும். போகும்போது எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது அது முதுகைத் தள்ளட்டும். மாற்றிச் செய்தவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை மாலைதோறும் பார்க்கிறேன். பிற்பகலில் நிலம் சூடாகி அங்குள்ள காற்று மேலே எழுவதால் கடல்காற்று வலுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் சங்கிலியைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டால் நாளைக்குத் துரு இருக்கும்.

காலில் என்ன

கட்டக்கூடிய பழைய காலணி. வார் செருப்பை முதல் சேறே வாங்கிக்கொள்ளும். வெறுங்கால் வேண்டவே வேண்டாம். பாறைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் சிப்பி விளிம்பும் கத்தி போல வெட்டும். வெப்பக் கடல்களில், மணலில் புதைந்திருக்கும் திருக்கையும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனும் உண்டு. கணுக்கால் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை அதிர்வை உணர்ந்து தானே விலகிப்போகும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மேல்வீட்டு அம்மா இதற்கு "டிக்கெட்காரர் நடை" என்று பெயரே வைத்துவிட்டார்.

குத்திவிட்டால், திருக்கைக்கும் கல்மீனுக்கும் முதலுதவி சுடுநீர். தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வைக்க வேண்டும். குத்துப்பட்டவருக்குச் சூடு சரியாகத் தெரியாது, எனவே இன்னொருவர் கைவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்பிலோ வயிற்றிலோ முள் ஏறியிருந்தால் பிடுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மருத்துவமனைதான் முடிவு. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தை மணலால் தேய்க்காதீர்கள், குடிநீரால் கழுவாதீர்கள், சிறுநீர் ஊற்றினால் சரியாகும் என்பது வெறும் கதை. கடல்நீரால் கழுவலாம். பெட்டி வடிவச் சொறி மீனுக்கு வினிகர் ஊற்றுவார்கள், ஆனால் எல்லா இனத்துக்கும் அது பொருந்தாது. உங்கள் கடலில் எந்த இனம் வரும், அதற்கு எது என்று உயிர்க்காப்பாளரிடம் முன்னதாகவே கேட்டுவையுங்கள்.

கூம்பு வடிவில் கோலம் போட்டதுபோல் அழகாக ஒரு சங்கு கிடந்தால் உயிருள்ளதா என்று கையில் எடுத்துச் சோதிக்க வேண்டாம். கூம்பு நத்தை ஈட்டி போன்ற பல்லால் நஞ்சு ஏற்றும், சில இனங்களின் குத்து மனிதனைக் கொன்றிருக்கிறது.

சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டால் பதறி இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கச் சேறு கவ்வும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து உடல் பாரத்தைப் பரப்பி, ஒரு காலை மட்டும் மெதுவாக ஆட்டி ஆட்டித் தண்ணீர் உள்ளே போக விடுங்கள், இளகிக்கொடுக்கும். பிறகு அடுத்த கால். சேறு முழுதாக விழுங்கிவிடாது, உடலைவிடச் சேறு அடர்த்தி என்பதால் உடல் பாதியில் நின்றுவிடும். ஆபத்து ஏறி வரும் தண்ணீர்தான். அலையாத்திக் காடு ஓரமாகப் போனால் மண்ணிலிருந்து பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களை மிதிக்காமல் நடங்கள். அவற்றின் வழியாகத்தான் மரம் மூச்சு வாங்குகிறது.

என்ன பார்ப்பது

ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே குட்டையின் முன்னால் கால் மணி நேரம் குந்தியிருப்பவருக்கு எல்லாம் வரும். முதலில் வெறும் தண்ணீர். பிறகு ஒரு சங்கு நடக்கும், உள்ளே நண்டு. பிறகு கல் என்று நினைத்தது கடல் சாமந்தியாக விரியும். உங்கள் நிழல் குட்டையில் விழாமல் உட்காருங்கள்.

கல்லைப் புரட்டலாம், அடியில் ஒரு தெருவே குடியிருக்கும். பார்த்து முடித்ததும் அதே பக்கம் கீழே வருமாறு மெதுவாகத் திரும்ப வையுங்கள். தலைகீழாக விட்டுப்போன கல்லில், இருட்டில் வாழ்ந்தவை வெயிலில் வெந்துபோகும். இதில் நான் கடுமையானவன். வாளி நிறைய நட்சத்திர மீனையும் நண்டையும் கொட்டிவைத்துப் படம் எடுக்கும் பெற்றோரிடம் வாளியை வாங்கி நானே கவிழ்த்திருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். சிறு வாளித் தண்ணீர் வெயிலில் சில நிமிடத்தில் சூடாகிவிடும். கடல் அட்டையைக் கையில் பிசைந்தால் பயத்தில் தன் குடலையே வெளியே தள்ளும்.

ரப்பர் கிண்ணத்தின் விளிம்பை அறுத்துப் போட்டதுபோல மணல் நிறத்தில் ஒரு வளையம் கிடக்கும். குப்பை என்று எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார்கள். அது நிலா நத்தை மணலையும் சளியையும் குழைத்துச் செய்த முட்டைப் பட்டை. என் பேத்தியின் பள்ளித் தோழர்கள் கடற்கரையைச் சுத்தம் செய்ய வந்த அன்று பதினோரு குடும்பத்தைக் குப்பைப் பையிலிருந்து மீட்டோம்.

நீர் விளிம்பில் நீண்ட மூக்கால் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் பறவைகளைப் பிள்ளைகள் துரத்துவார்கள். கூட்டமாக எழும்பும் காட்சி அழகுதான். அவற்றுள் பட்டைவால் மூக்கன் என்று ஒன்று இருக்கிறது. 2022இல் அந்த இனத்தின் ஒரு குஞ்சு, பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பதினோரு நாளில் பறந்ததை அதன்மேல் பொருத்திய கருவி காட்டியது. அந்தப் பயணத்துக்கான கொழுப்பு இது போன்ற சேற்றிலிருந்துதான் சேர்கிறது. இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் துரத்தியதில்லை. பெரியவர்கள் சிலர் துரத்தியிருக்கிறார்கள்.

நீந்துகிறவர்களுக்கு

நான் நீச்சலில் சுமார், எனவே சுருக்கமாக. சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே நீந்துங்கள். உயிர்க்காப்பாளர் பார்வை அங்கேதான். முழுச் சிவப்பு என்றால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலைகள் வரிசையாக உடையும் கரையில், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உடையாமல் கறுப்பாக, சாதுவாகத் தெரியும். புதியவர்கள் அதையே தேர்ந்தெடுப்பார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பப் போகும் வழி அது. அந்த இழுப்பு விநாடிக்கு இரண்டரை மீட்டர்வரைகூடப் போகக்கூடியது, ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து வெல்ல முடியாது. மாட்டிக்கொண்டால் மிதந்தபடி ஒரு கையை உயர்த்துங்கள். அது கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அதோடு திரும்புங்கள்.

இருட்டிய பிறகு

பிள்ளைகளுக்கு இது பெரிய விருந்து. பேய் நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும், கண்ணைத் தூக்கிப் பார்க்கும், ஒரு கணத்தில் காணாமல் போகும். விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகும், கடற்கரைக்கும் தொல்லையில்லை. ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் வெள்ளை விளக்கு, கேமரா வெளிச்சம் இரண்டும் கூடாது. குஞ்சுகள் கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நம்பித்தான் திசை பிடிக்கின்றன. சாலை விளக்கைக் கடல் என்று நினைத்து ஏறி வந்துவிடும். நிலவில்லாத இரவில் ஆழமில்லாத தண்ணீரைக் கையால் அளைந்தால் சில நாட்களில் நீலப்பொறி பறக்கும், மிதக்கும் நுண்ணுயிர்கள் செய்வது. அது வரும் நாளை எந்த அட்டவணையும் சொல்லாது, நானும் சொல்லமாட்டேன்.

வந்துபோகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. கடைசிப் படகின் நேரத்தைத் துறைப் பலகையில் பார்த்து, கையில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய வற்ற நாட்களில் துறையில் ஆழம் போதாமல் படகு முன்கூட்டியே கிளம்பிவிடுவதும் உண்டு, அதைப் பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஓரத்தை யாரும் படிப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலணியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் கவிழ்த்து வைப்பேன். பிறகு நோட்டு. தேதி, அட்டவணை சொன்ன நேரம், உண்மையில் வற்றிய நேரம், காற்று, என்ன பார்த்தோம். நேற்றைய பக்கத்தில் பேத்தியின் கையெழுத்தில் இருப்பது: "0.3. கடல் அட்டை ஏழு. ஓடை மூன்று, மூன்றும் தாண்டிவிட்டோம். தாத்தா ஒரு செருப்பையும் தொலைக்கவில்லை."